மென்டார்கிட்ட எப்போ போறது, என்ன கேக்கறது? காலேஜ் பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் இன்ஜினியரிங் காலேஜ் ஒண்ணுல பாடம் எடுக்கறேன், கூடவே வருஷா வருஷம் 20 பசங்களுக்கு மென்டார். சில காலேஜ்ல டியூட்டர்னு சொல்லுவாங்க, யுனிவர்சிட்டி ரூல் புக்ல, அதாவது ரெகுலேஷன்ல, ஃபேகல்டி அட்வைசர்னு போட்டிருக்கும், ஆர்ட்ஸ் காலேஜ்ல டியூட்டர் வார்டுனு பேரு, வேலை ஒண்ணுதான். பசங்க ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னு "மேம் ஒரு டவுட்"னு ஆரம்பிப்பாங்க, பாடத்துல ஏதோ ஒண்ணு கேப்பாங்க, பத்து நிமிஷம் கழிச்சு கிளம்பப் போறப்பதான் உண்மையா கேக்க வந்தது வெளிய வரும். அப்படி கடைசியில வெளிய வந்த கேள்விகளைத்தான் இங்க எழுதியிருக்கேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். இதுல வர்ற ரூல்ஸ், மார்க் கணக்கு எல்லாம் அஃபிலியேட்டட் காலேஜ்ல 2021 ரெகுலேஷன்ல படிக்கறவங்களுக்கானது. சொந்தமா சிலபஸும் எக்ஸாமும் வைக்கற அட்டானமஸ் காலேஜ், ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ், அதுக்கு அப்புறம் வந்த ரெகுலேஷன்ல சேந்தவங்க, உங்களுக்கெல்லாம் நம்பர் மாறும். உங்க ரெகுலேஷன் பிடிஎஃப்பை டவுன்லோட் பண்ணி போன்ல வச்சுக்கோங்க, நாலு வருஷம் நம்மள கட்டிப்போடற விஷயம் அது, ஆனா பைனல் இயர் வந்தும் அதைத் திறந்தே பாக்காத பசங்கதான் அதிகம்.

மென்டார்னா மாசம் ஒரு தடவை புக்ல கையெழுத்து வாங்கறதுதானே மேம், அதுக்கு மேல என்ன இருக்கு?

நிறைய இடத்துல அப்படித்தான் நடக்குது, இல்லைனு சொல்ல மாட்டேன். மென்டார் புக் தெரியும்ல, முதல் பக்கத்துல பாஸ்போர்ட் போட்டோ, அப்பா தொழில், ப்ளஸ் டூ மார்க், அப்புறம் செமஸ்டர் வாரியா ஒரு டேபிள், கடைசியில "ரிமார்க்ஸ்"னு ஒரு கட்டம். நான் வேலைக்குச் சேந்த புதுசுல 20 புக்லயும் அந்தக் கட்டத்துல ஒரே வரிதான் எழுதினேன், "நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது". ஒரே நாள்ல, ஒரே பேனாவுல. அதுல யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல, அதை நெனைச்சா இப்பவும் கஷ்டமாத்தான் இருக்கு.

ஆனா ரூல் என்ன சொல்லுதுனு பாருங்க. எச்ஓடி, அதாவது துறைத் தலைவர், ஒவ்வொரு ஸ்டூடண்ட்டையும் டிபார்ட்மெண்ட்ல ஒரு ஆசிரியர்கிட்ட ஒப்படைக்கணும், அவர் நீங்க படிச்சு முடிக்கற வரைக்கும் உங்க அட்வைசர், எந்த பேப்பர் ரிஜிஸ்டர் பண்றதுனு சொல்லணும், அட்டெண்டன்ஸையும் ப்ராக்ரஸையும் கவனிக்கணும், அப்பப்ப கூப்ட்டு பேசணும், தேவைப்பட்டா வீட்டுக்கும் சொல்லணும். டெக்னிக்கல் காலேஜ்களை கவனிக்கற ஏஐசிடிஇ 2017-ல முதல் வருஷப் பசங்களுக்குக் கொண்டு வந்த இன்டக்‌ஷன் ப்ரோக்ராம்லயும் 20 பசங்களுக்கு ஒரு ஆசிரியர்னுதான் வச்சாங்க. காலேஜோட தரத்தை மதிப்பிடற நாக் அமைப்பும் மென்டார் ஒருத்தருக்கு எத்தனை ஸ்டூடண்ட்னு கணக்கு கேட்டிருக்கு. ஆக உங்க காலேஜ்ல இது கண்டிப்பா பேப்பர்ல இருக்கு. அதை நெஜமாக்கறதுக்கு நீங்க ஒரு தடவை போய் உக்காந்து கேட்டாலே போதும், பாதி ஆசிரியர்கள் மாறிடுவாங்க. என்னையும் ஒரு பொண்ணு கேட்டுத்தான் மாத்துச்சு. "மேம், நல்லா படினு எழுதியிருக்கீங்க, எப்படினு சொல்லுங்க"னு கேட்டா. அன்னைக்குத்தான் அவளோட மார்க்கை நான் முதல் தடவையா உக்காந்து பாத்தேன்.

எப்போ போகணும்? அரியர் வந்த பிறகு போனா போதாதா?

அரியர் வந்த பிறகு வந்தா பேசலாம், ஆனா அப்போ நம்ம கையில இருக்கறது கொஞ்சம்தான். செமஸ்டர் ஆரம்பிச்சு மூணாவது நாலாவது வாரம் ஒரு தடவை, காலேஜ்லயே வைக்கற முதல் இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்த அன்னைக்கு ஒரு தடவை, எக்ஸாம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை வாங்க. இந்த மூணுல முதல் தடவைதான் ரொம்ப முக்கியம், அந்த நேரத்துல ஒருத்தரும் வர மாட்டாங்க.

ஒரு பையன் விஷயம் சொல்றேன். மெக்கானிக்கல், ரெண்டாவது வருஷம், அமைதியான பையன், கிளாஸ்ல தொந்தரவே கிடையாது. டெய்லி முதல் பீரியட் ஆப்சென்ட். எல்லாரும் அவன் தூங்கிட்டு லேட்டா வர்றான்னு நெனைச்சோம், முதல் பீரியட் எடுக்கறவர் வாசல்லயே நிக்க வச்சார். அவன் வாயே திறக்கல. ஒரு நாள் சும்மா "எந்த ஊர்ல இருந்து வர்ற, எத்தனை மணிக்கு பஸ்"னு கேட்டேன். அவங்க ஊருக்கு காலையில ரெண்டே டவுன் பஸ், 6:10-க்கு ஒண்ணு, 8:05-க்கு ஒண்ணு. அம்மா பட்டாசு வேலைக்கு காலையிலயே போயிடறாங்க, தங்கச்சியை ஸ்கூல் வேன் ஏத்திட்டுத்தான் இவன் கிளம்ப முடியும், அதுனால 8:05 பஸ்தான். அது ஊரெல்லாம் சுத்தி எங்க ஸ்டாப்புக்கு வர்றப்ப 9:20, முதல் பீரியட் 9 மணிக்கே தொடங்கிடும்.

இதோட கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு 7 பீரியட், செமஸ்டருக்கு 75 நாள்னா மொத்தம் 525. காய்ச்சல், கோயில் கொடை, சொந்தக்காரங்க கல்யாணம்னு ஒரு 10 நாள் லீவ் போட்டா மத்தவங்களுக்கு 65 நாள், நாளுக்கு 7, மொத்தம் 455, அதாவது 86 சதவீதத்துக்கு மேல, நிம்மதியா இருக்கலாம். இவன் அதே 10 நாள்தான் லீவ், ஆனா 65 நாளும் 6 பீரியட்தான், 390. சதவீதம் 74. எக்ஸாம் எழுத 75 வேணும், அதைத் தொடல. காலேஜுக்கு மத்தவங்க வந்த அத்தனை நாளும் வந்த பையன், இருபது நிமிஷத்துக்காக எக்ஸாம் எழுத முடியாம போற நிலைமை!

அவன் சொன்னது நாலாவது வாரம், அதுனால சரி பண்ண முடிஞ்சது. எச்ஓடிகிட்ட பேசி முதல் பீரியட் எடுக்கற ரெண்டு பேர்கிட்டயும் விஷயத்தைச் சொன்னோம், பக்கத்து வீட்டு அக்கா வாரத்துல மூணு நாள் தங்கச்சியை வேன் ஏத்தி விட ஒத்துக்கிட்டாங்க, அந்த மூணு நாளும் அவன் 6:10 பஸ்ல வந்து லைப்ரரில உக்காந்து படிச்சான். இதையே கடைசி வாரம் வந்து சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

அட்டெண்டன்ஸ் 75-க்கு கீழ போனா மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுத்து சமாளிக்கலாம்ல?

65-ல இருந்து 74 வரைக்கும், அதுவும் நெஜமாவே ஆஸ்பத்திரில இருந்தது, விபத்து, இல்ல ஸ்போர்ட்ஸ் மாதிரி காலேஜ் அனுப்பிப் போனதுனு காரணமும் பேப்பரும் இருந்தாத்தான். 65-க்கு கீழ போயிட்டா எந்த சர்டிஃபிகேட்டும் உதவாது, அந்த செமஸ்டரை அடுத்த வருஷம் ஜூனியரோட உக்காந்து திரும்பப் படிக்கணும். உடம்பு சரியில்லாம அட்மிட் ஆனா டிஸ்சார்ஜ் சம்மரியை அன்னைக்கே போட்டோ எடுத்து மென்டாருக்கு அனுப்பிடுங்க. செமஸ்டர் கடைசியில ஊர் க்ளினிக்ல வாங்கிட்டு வர்ற லெட்டரை யாரும் நம்பறதில்ல, உண்மையாவே காய்ச்சல்ல கெடந்த பிள்ளையும் அதுல மாட்டிக்குது.

இன்டர்னல் கொஞ்சம்தானே, எக்ஸாம்ல பாத்துக்கலாம்னு சீனியர் சொல்றாங்களே?

அந்த சீனியர் பழைய ரெகுலேஷன்ல படிச்சவங்களா இருப்பாங்க, 2017 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னல் 20, எக்ஸாம் 80. உங்களுக்கு 40, 60. பாஸ் ஆக மொத்தத்துல 50 வேணும், எக்ஸாம்ல தனியா 45 சதவீதமும் வேணும். இப்போ இன்டர்னல் 40-க்கு 32 வச்சிருக்கற பொண்ணு எக்ஸாம் பேப்பர்ல நூத்துக்கு 45 எடுத்தா பாஸ். 40-க்கு 15 வச்சிருக்கற பையனுக்கு எக்ஸாம்ல 60-க்கு 35 வேணும், அதாவது நூத்துக்கு 59. அதே கேள்வித்தாள், அதே ஹால், ஆனா ஒருத்தருக்கு 14 மார்க் அதிகமா எழுத வேண்டியிருக்கு. கிட்டத்தட்ட ஒரு முழு பார்ட் பி கேள்வி, அதுக்கு மேலயும் கொஞ்சம். முதல் இன்டர்னல் பேப்பர் வந்த அன்னைக்கே வாங்கனு சொன்னது இதுக்குத்தான், ரெண்டாவது இன்டர்னலுக்கு என்ன எடுத்தா எங்க போய் நிப்போம்னு பேப்பர்ல போட்டுப் பாத்துடலாம்.

நாலஞ்சு அரியர் சேந்துடுச்சு, எங்க இருந்து ஆரம்பிக்கறதுனே தெரியல

முதல்ல ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எல்லா அரியரையும் எழுதுங்க. மனசுக்குள்ள வச்சிருக்கறப்ப அது மலை மாதிரி தெரியும், எழுதிட்டா எண்ணக்கூடிய விஷயமாயிடும். ஒவ்வொண்ணுக்கும் நேரா எத்தனை கிரெடிட் (அந்த பேப்பருக்கு மொத்தக் கணக்குல இருக்கற எடை), இன்டர்னல் எவ்வளவு இருக்கு, எந்த யூனிட் தெரியும், இந்த பேப்பர் தெரியாம அடுத்து எந்த பேப்பர் புரியாம போகும்னு எழுதுங்க. கடைசியா சொன்னதுதான் முக்கியம். முதல் செமஸ்டர் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் புரியாம விட்டா ரெண்டாவது செமஸ்டர்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் இடிக்கும், அப்புறம் கோர் பேப்பர்லயும் அதே கணக்குதான் வந்து நிக்கும். அதுனால ஈஸியான அரியரை முதல்ல முடிச்சுட்டு மேத்ஸை கடைசியா பாத்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க. இன்டர்னல் நல்லா இருக்கற ஒரு பேப்பரையும், மேத்ஸையும் சேத்து இந்த செமஸ்டருக்குக் குறி வைங்க. மத்ததையும் ரிஜிஸ்டர் பண்ணி எழுதலாம், ஆனா உழைப்பு இந்த ரெண்டுலதான் போகணும். அஞ்சையும் ஒரே நேரத்துல படிச்சவங்க அஞ்சுலயும் 38, 40னு வந்து நின்னதைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

அடுத்தது, ஏன் ஃபெயில் ஆனோம்னு தெரியாம திரும்ப எழுதாதீங்க. ரிசல்ட் வந்த உடனே சில நாள்தான் டைம் இருக்கும், ஆன்சர் ஸ்கிரிப்ட் ஃபோட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணுங்க, அது வந்த பிறகுதான் ரீவேல்யூவேஷன் போடலாமா வேண்டாமானு முடிவு பண்ணணும், அந்த சப்ஜெக்ட் எடுக்கறவர்கிட்ட காட்டிட்டு. ரீவேல்யூவேஷன் போடலைனாலும் அந்த காப்பிக்குக் குடுத்த காசு வீண் இல்ல.

எப்படினு சொல்றேன். தமிழ் மீடியத்துல படிச்சு வந்த ஒரு பொண்ணு, முதல் வருஷத்துல மூணு பேப்பர் போச்சு, மேத்ஸ் ரெண்டு தடவை எழுதியும் வரல. "எனக்கு கணக்கு வராது மேம், நான் டிசி வாங்கிக்கறேன்"னு வந்துச்சு. ப்ளஸ் டூல கணக்குல நல்ல மார்க் எடுத்த பிள்ளை! ஃபோட்டோகாப்பி எடுத்துட்டு வரச் சொல்லி ரெண்டு பேரும் மேஜைல விரிச்சு வச்சு பாத்தோம். ரெண்டு மார்க் கேள்வி பத்துல ஏழு சரி. பெரிய கேள்விகள் வர்ற பார்ட் பில ஐகன் வேல்யூ கேட்டதை சுத்தமா போட்டிருக்கு, ஒரு ஸ்டெப் தப்பு இல்ல. ஆனா "குவாட்ரடிக் ஃபார்மை ஆர்த்தோகனல் ட்ரான்ஸ்ஃபர்மேஷன் மூலமா கனோனிக்கல் ஃபார்முக்கு மாத்து"னு இருந்த கேள்விக்கும் அதே ஐகன் வேல்யூவோட நிறுத்திடுச்சு. "ஏம்மா இங்கயே நிறுத்திட்ட?"னு கேட்டா, "கேள்வி அதைத்தானே மேம் கேட்டுச்சு"ங்குது. கணக்கு தெரியும். கேள்வியோட இங்கிலீஷ்தான் தெரியல. ரெண்டு தடவை ஃபெயில் ஆனது அதுக்கு, ஒருத்தரும் அந்தத் தாளை திறந்து பாக்காததுனால அது தன்னையே மக்குனு நெனைச்சுக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் நாங்க பண்ணது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஒரு சின்ன நோட்டு. பழைய கொஸ்டின் பேப்பர் அஞ்சு வருஷத்தை எடுத்து, கேள்வியில வர்ற வார்த்தை இடது பக்கம், அதுக்கு என்ன செய்யச் சொல்றாங்கனு தமிழ்ல வலது பக்கம். ரெட்யூஸ்னா என்ன, வெரிஃபைனா எதுவரைக்கும் போடணும், ஹென்ஸ் ஃபைண்ட்னா முன்னாடி வந்த விடையை எடுத்துத்தான் செய்யணும், இப்படி. மொத்தம் நாப்பது வார்த்தைகூட வரல. அடுத்த எக்ஸாம்ல மேத்ஸ் க்ளியர், பி ப்ளஸ்.

தமிழ் மீடியத்துல இருந்து வந்தேன், கிளாஸ்ல ஒண்ணும் புரியல, யார்கிட்டயும் சொல்லவும் கூச்சமா இருக்கு

மேல சொன்ன பொண்ணும் இதே வார்த்தையைத்தான் சொல்லுச்சு. கூச்சப்பட இதுல ஒண்ணுமே இல்ல, 12 வருஷம் ஒரு மொழியில யோசிச்ச பிள்ளைக்கு ஒரே நாள்ல எல்லாம் மாறிடுதுனா திணறத்தான் செய்யும். முதல் வருஷ புக்ஸ் தமிழ்லயும் இருக்கு, ஏஐசிடிஇயோட இ-கும்ப் போர்ட்டல்ல ஃப்ரீயா இறக்கிக்கலாம். அதுல படிச்சு விஷயத்தைப் புரிஞ்சுக்கோங்க, எழுதறதை இங்கிலீஷ்ல பழகுங்க. மென்டார்கிட்ட தமிழ்லயே பேசுங்க, நாங்களும் தமிழ்ப் பிள்ளைங்கதான். கிளாஸ்ல எழுந்து கேக்க கஷ்டமா இருந்தா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேஜைல வச்சிட்டுப் போங்க, நான் அப்படி வாங்கறேன், பேர்கூட எழுத வேண்டாம்.

ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் டேட்டா சயின்ஸ் கோர்ஸ் சேந்துட்டாங்க, நானும் சேரட்டுமா?

இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ற ஆள்கிட்ட போகாதீங்க, அது மென்டாரா இருந்தாலும் சரி யூட்யூபரா இருந்தாலும் சரி. போன வருஷம் ஒரே வாரத்துல ரெண்டு பேர் இதையே கேட்டாங்க, ரெண்டு பேருக்கும் சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டரும் சேத்து பத்துக்குப் போடற சராசரி, 7.2 பக்கம். ஒருத்தனுக்கு அரியர் கிடையாது, சாயங்காலம் ஹாஸ்டல்ல நாலு மணி நேரம் கையில இருக்கு, பைத்தான் பேப்பர்ல ஓ கிரேடு, ப்ராப்ளம் குடுத்தா சாப்பாட்டை மறந்து உக்காருவான். அவனை சேரச் சொன்னேன், ஆனா காசு குடுத்து இல்ல. முதல்ல ஐஐடிகளோட ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்ல ஒரு 12 வாரக் கோர்ஸ் எடு, பாடம் ஃப்ரீ, எக்ஸாமுக்கு மட்டும்தான் ஃபீஸ், வாராவாரம் அசைன்மெண்ட்டுக்கு 25, எக்ஸாமுக்கு 75, ஐஐடி ஆசிரியர்களே எடுக்கறாங்க, அதை முழுசா முடிச்சயினா அப்புறம் பேசலாம்னேன். முடிச்சான்.

இன்னொருத்தி சாயங்காலம் துணிக்கடைல பார்ட் டைம் வேலைக்குப் போறா, நைட் ஒன்பதரைக்குத்தான் வீடு, ரெண்டு ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் முடிக்காத அரியர். நாப்பதாயிரம் கேக்கற ஒரு கோர்ஸுக்கு அம்மாவோட கம்மலை அடகு வைக்கறேன்னு சொன்னா. வேண்டவே வேண்டாம்னு சொன்னேன். கேம்பஸ்க்கு வர்ற நிறைய கம்பெனி முதல்ல பாக்கறது ஸ்டாண்டிங் அரியர் இருக்கானுதான், அதுல பேரு அடிபட்டா சர்டிஃபிகேட்டை யாரும் கையில வாங்கிப் பாக்கப் போறதில்ல. அவளுக்கு அந்த செமஸ்டருக்கு வேலை ஒண்ணே ஒண்ணு, அந்த ரெண்டு பேப்பர். ஸ்கில் கோர்ஸுக்கு 2022-ல அரசாங்கம் ஆரம்பிச்ச நான் முதல்வன் இருக்கு, காலேஜ்லயே நடக்கும், அதுக்கு காசும் இல்ல, அதை ஒழுங்கா கவனினு சொன்னேன். ஒரே சிஜிபிஏ, ஒரே கேள்வி, ஆனா ரெண்டு பேர் வீட்டு சாயங்காலமும் ஒண்ணு இல்லையே.

ஹானர்ஸ் (சொந்த துறையில கூடுதல் பேப்பர்), மைனர் (வேற துறையில கூடுதல் பேப்பர்) டிகிரி எடுக்கலாமானு கேக்கறவங்களுக்கும் இதேதான் சொல்லுவேன், அதுக்கு 18 கிரெடிட் கூடுதலா படிக்கணும், 7.5 சிஜிபிஏவும் வேணும். மேல்படிப்புக்கான கேட் எக்ஸாம் எழுதறவங்க மூணாவது வருஷத்துலயே எழுதலாம், அந்த ஐடியா இருந்தா எலெக்டிவ் எடுக்கறப்பவே சொல்லுங்க.

சிஜிபிஏவை ஏத்த எந்த பேப்பர்ல கவனம் வைக்கணும்?

கிரெடிட் அதிகமா இருக்கற பேப்பர்ல. ஓ-க்கு 10 பாயிண்ட், ஏ ப்ளஸ் 9, ஏ 8, பி ப்ளஸ் 7, பி 6, சி 5. இதைக் கிரெடிட்டால பெருக்கித்தான் கூட்டுவாங்க. மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் 4 கிரெடிட், தமிழர் மரபு 1 கிரெடிட், அப்போ மேத்ஸ்ல ஒரு கிரேடு ஏத்தறதும் தமிழர் மரபுல நாலு கிரேடு ஏத்தறதும் கணக்குல ஒண்ணு. டிஸ்டிங்ஷனுக்கு 8.5-ம் வேணும், எல்லா பேப்பரும் முதல் அட்டெம்ப்ட்ல முடிச்சிருக்கவும் வேணும். ஃபர்ஸ்ட் கிளாஸ்க்கு 6.5.

எக்ஸாம் நேரத்துல உடம்பு முடியலைனா, வீட்ல துக்கம்னா என்ன பண்றது?

இதைக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க, யாரும் சொல்லித் தர்றதில்ல. வித்ட்ராவல்னு ஒரு வழி இருக்கு. முழு டிகிரியிலயும் ஒரே ஒரு செமஸ்டர்ல, சரியான காரணம் இருந்தா, ஒரு பேப்பரையோ சில பேப்பரையோ எழுதாம விலகிக்க அனுமதி கேக்கலாம். எக்ஸாம் எழுதற அளவுக்கு அட்டெண்டன்ஸ் இருக்கணும், எக்ஸாமுக்கு முன்னாடி காரணத்தோட எழுதிக் குடுக்கணும், அதுக்கு பத்து நாள் கணக்கு ஒண்ணு இருக்கு, ரெகுலேஷன்ல பாத்துக்கோங்க. குடுத்தா கிரேடு ஷீட்ல டபிள்யூனு வரும், அது எழுதித் தோத்ததா கணக்கில்ல, டிஸ்டிங்ஷனும் போகாது.

நான் படிச்ச காலேஜ்ல எனக்கு இதை ஒருத்தரும் சொல்லல. ஆறாவது செமஸ்டர் எக்ஸாமுக்கு நாலு நாள் முன்னாடி எங்க அப்பா தவறிட்டார். காரியம் முடியறதுக்கு முன்னாடியே ரெண்டு பேப்பர் வந்துடுச்சு, ஹால் டிக்கெட்டை எடுத்துட்டு போய் உக்காந்தேன், என்ன எழுதினேன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல. ரெண்டும் போச்சு, அதுவரைக்கும் நான் டிஸ்டிங்ஷன்ல இருந்தேன். அப்போ எனக்கு அட்வைசரா இருந்தவர் துக்கத்துக்கு வீட்டுக்கு வந்தார், நல்ல மனுஷன்தான், ஆனா ரூல் புக்ல நமக்கு ஒரு வழி இருக்குனு அவருக்கும் தோணல. என் 20 பசங்களுக்கும் முதல் மீட்டிங்லயே நான் சொல்ற முதல் விஷயம் இந்த வித்ட்ராவல்தான்.

ஒரு எக்ஸாமோட போகாம மாசக்கணக்குல வர முடியாத நிலைமைனா பிரேக் ஆஃப் ஸ்டடி கேக்கலாம். சொல்லாம நின்னுடாதீங்க. எழுதிக் குடுத்துட்டு நின்னவங்க திரும்ப வர்றது சுலபம், சும்மா காணாம போனவங்களுக்காக ஆபீஸ்ல நாங்க படற பாடு இருக்கே, வருஷமே ஓடிடும்.

ஃபீஸ் கட்ட முடியல, இதையும் மென்டார்கிட்ட சொல்லலாமா?

இதைத்தான் முதல்ல சொல்லணும். ஃபீஸ் கட்டலைனா ஹால் டிக்கெட் நிக்கும்னு பயந்து கிளாஸுக்கே வராம போற பிள்ளைங்க இருக்காங்க, அப்புறம் அட்டெண்டன்ஸும் போயிடுது. கவர்மெண்ட் ஸ்கூல்ல 6-ல இருந்து 12 வரை படிச்ச பொண்ணா இருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், 2022 செப்டம்பர்ல இருந்து இருக்கு, பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களையும் இதுல சேத்துட்டாங்க. கவர்மெண்ட் ஸ்கூல் 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் வாங்கினவங்களுக்கு ஃபீஸை அரசாங்கமே கட்டுது, உங்ககிட்ட யாராவது தனியா கேட்டா ரசீது இல்லாம ஒரு ரூபாய் குடுக்காதீங்க, உடனே மென்டார்கிட்ட வாங்க. எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். வீட்ல முதல் பட்டதாரினா அந்த சர்டிஃபிகேட்டை கவுன்சலிங்குக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்.

பணம் வராம நிக்கறதுக்கு நான் பாத்தவரைக்கும் காரணம் பெரும்பாலும் சின்னது. பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் சேக்கல, இல்ல வருமானச் சான்று பழசு, இல்ல சர்டிஃபிகேட்ல இனிஷியல் ஒரு மாதிரி ஆதார்ல ஒரு மாதிரி. இ-சேவை மையத்துல ரெண்டு தடவை அலைஞ்சா முடியற வேலை, லாஸ்ட் டேட்டுக்கு முதல் நாள் போனா முடியாது.

படிப்பு பிரச்சனை இல்ல மேம், மனசுதான் சரியில்ல. சொன்னா வீட்டுக்கு சொல்லிடுவீங்களா?

நீங்க சொல்றது என்கிட்டயே இருக்கும். ஸ்டாஃப் ரூம்ல பேச மாட்டேன், மென்டார் புக்ல எழுத மாட்டேன், அந்த புக்கை யார் வேணா புரட்டுவாங்கனு எனக்கும் தெரியும். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் ரகசியம் காக்க மாட்டேன், உயிருக்கு ஆபத்துனு எனக்கு தோணினா. அப்போவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான், உங்களையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் அடுத்தவங்ககிட்ட பேசுவேன். நான் டாக்டர் இல்ல, தூக்கம் வரல, சாப்பிட முடியல, அழுகை நிக்கலனு நாள்கணக்கா ஓடுதுனா காலேஜ் கவுன்சிலர்கிட்டயோ கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ நானே கூட வருவேன். நடுராத்திரில ஒண்டியா உக்காந்திருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ராகிங்னா 1800-180-5522.

என் மென்டார் காது குடுத்தே கேக்க மாட்டேங்கறார், என்ன பண்ண?

எங்களுக்கும் நாளைக்கு அஞ்சு பீரியட், பேப்பர் திருத்தறது, ஃபைல் வேலைனு ஓடும், நடந்து போறப்ப பிடிச்சா சரியா பதில் வராது. "சார், நாளைக்கு லஞ்ச்ல பத்து நிமிஷம் வேணும்"னு முதல்நாளே கேட்டுப் பாருங்க. அதுக்கும் அசையலைனா வேற ஒரு ஆசிரியர், உங்களுக்கு நம்பிக்கை வர்றவர் யாரா இருந்தாலும் போங்க, லேப் அசிஸ்டன்ட் அண்ணன்கூட சில நேரம் நல்ல வழி சொல்லுவார். கிளாஸ் கமிட்டினு ஒண்ணு இருக்கு, அதுல ஸ்டூடண்ட்ஸும் உறுப்பினர், பாடம் புரியல, இன்டர்னல் மார்க் லேட்டுங்கற மாதிரி விஷயத்தை அங்க ரெப் மூலமா வைங்க. மென்டாரையே மாத்தணும்னா எச்ஓடிகிட்ட நேராப் போய் கேளுங்க. அவமானப்படுத்தறார், தப்பா பேசறார்னா காத்திருக்கவே வேண்டாம், அன்னைக்கே சொல்லுங்க, ஃப்ரெண்ட் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

அப்பா அம்மாவை கூட்டிட்டு வந்தாத்தான் பேசுவீங்களா?

மிரட்டறதுக்காக பேரண்ட்ஸைக் கூப்பிடறது எனக்கு உடன்பாடு இல்ல. கட்டட வேலைக்குப் போற அப்பா ஒருத்தர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு, இஸ்திரி போட்ட சட்டையில வந்து ஸ்டாஃப் ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னார். "உங்க பையன் படிக்கறதில்ல"னு சொல்றதுக்கா அவரை வரவழைச்சோம்னு எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. அன்னைக்கு அவருக்கு நாற்காலி போட்டு, பையனோட மார்க் ஷீட்டை எடுத்து, எந்தப் பேப்பர் முடிச்சிருக்கான், எது பாக்கி, இன்னும் எவ்வளவு நாள் ஆகும்னு ஒவ்வொண்ணா சொன்னேன். அவர் கேட்டது ஒண்ணுதான், "முடிச்சிருவானாம்மா?" பையன் அதைக் கேட்டுக்கிட்டு பக்கத்துலயே நின்னான். "முடிச்சிருவான்ணே, மூணு பேப்பர்தான்"னேன். இப்போ நான் வீட்டுக்கு போன் பண்றப்ப முதல்ல அந்தப் பிள்ளை ஒழுங்கா செஞ்ச ஏதாவது ஒண்ணைச் சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேசுவேன்.

முதல் தடவை வர்றப்ப என்ன எடுத்துட்டு வரணும்?

இதுவரைக்கும் வந்த கிரேடு ஷீட், இன்டர்னல் பேப்பர் திருத்தி குடுத்தது இருந்தா அது, ஒரு நாள் காலையில எழுந்ததுல இருந்து தூங்கற வரைக்கும் மணி போட்டு எழுதின ஒரு தாள். பஸ் நேரம், வேலை நேரம், தம்பி தங்கச்சியைப் பாக்கற நேரம், போன் நேரம் எல்லாம் உள்ளபடி எழுதுங்க, நான் திட்டறதுக்குக் கேக்கல. ஒண்ணும் எழுத வரலைனா வெறுங்கையோடயே வாங்க, எங்கிட்ட பேனா இருக்கு. புதன்கிழமை கடைசி பீரியட் எனக்கு ஃப்ரீ, ஸ்டாஃப் ரூம்ல ஜன்னல் ஓரத்து மேஜை.